சிவப்பு லாரியின் பேட்டரி

முடிவெட்டுகிறவர் பால்காரரிடம் சொன்னாராம். பால்காரர் கேனைக்கூட இறக்கிவைக்காமல் பஞ்சர் கடை அக்காவிடம் ஓடிவந்து சொன்னார்.

"சிவப்பு லாரியை டவுனுக்குக் கொண்டுபோகப் போறாங்களாம். இனிமே தீப்பிடிச்சா ஒரு நம்பருக்குப் போன் போட்டா போதுமாம்."

அக்கா டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தாள். "அவங்க வர்ற வரைக்கும் தீ கைகட்டி நிக்குமாமா?"

சிவப்பு லாரி ஒரு காலத்தில் பால் டாங்கர். ஊரே சேர்ந்து பெயிண்ட் அடித்து, பம்பு பொருத்தி, தீயணைப்பு வண்டியாக்கியது. அது நிற்பது அக்கா கடையை ஒட்டிய கொட்டகையில், ஓட்டுவதும் அவள்தான். சைரன் கெட்டு வெகுநாளாயிற்று. ஹாரனில் வைத்த கையை எடுக்காமலே போவாள். அந்தச் சத்தத்துக்கு, சாத்திவைத்த சைக்கிள்கூட ஒதுங்கிக்கொள்ளும் என்று ஊரில் கேலி.

இப்போது மில்லுக்குப் பின்னால் வரிசையாகப் புது வீடுகள். பள்ளிக்கூடத்துக்கு மாடி. ஊர் பெருத்துவிட்டது, பாதுகாப்புக்குப் புதுத் திட்டம் வேண்டும் என்று ஊர்ச்சபை கூட்டம் போட்டது.

சபையின் கிளார்க் அக்காவின் கொழுந்தன். கூட்டத்துக்கு வந்தவளை வாசலிலேயே மறித்தான். "அண்ணி, வாயை வீட்டுல வச்சுட்டு வந்திருக்கலாம்ல?"

"வச்சுட்டுத்தான் கிளம்பினேன் தம்பி. பின்னாடியே ஓடி வந்துடுச்சு."

உள்ளே தலைவர் பேசிக்கொண்டிருந்தார். "போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மூணுக்கும் ஒரே நம்பர். பயிற்சி எடுத்த ஆளுங்க டவுன்லேர்ந்து வருவாங்க. லாரியை எடுத்துட்டுப் போக இன்னிக்கே டிரைவர் வந்தாச்சு."

கதவோரம் நின்ற டிரைவர் தலையைச் சொறிந்தார். "வண்டி கிளம்பலீங்க. பேட்டரியே இல்ல."

எல்லாத் தலையும் அக்கா பக்கம் திரும்பியது.

"சார்ஜ் போட்டிருக்கேன்," என்றாள். "பழைய பேட்டரி. எப்ப ஏறும்னு அதுக்கே தெரியாது."

ஹால் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. "அது சபை சொத்து. கேஸ் போடுவேன்."

"தாராளமா போடுங்க. கோர்ட்டுக்கு அந்த லாரியிலயே வர்றேன்."

புது வீடுகளில் குடியிருக்கும் டீச்சர் எழுந்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. போன வருஷம் மாட்டுக்கொட்டகை எரிஞ்சப்ப நீங்க வெளியூர்ல கல்யாணத்துல இருந்தீங்க. லாரி சாவி உங்க இடுப்புல. ரெண்டு கன்னுக்குட்டி போச்சு. உங்க ஒருத்தரை நம்பி நாங்க எப்படிப் பிள்ளைங்களைத் தூங்கப் போடுறது?"

சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தக் கன்றுகளைப் பற்றி ஊரில் யாரும் இதுவரை அவள் முகத்துக்கு நேரே கேட்டதில்லை. அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"என்னை நம்பாதீங்க டீச்சர். சாவி இங்கயே, எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி ஆணியில தொங்கட்டும். உங்க பக்கத்துலேர்ந்து ரெண்டு பேர் வாங்க, ஓட்டக் கத்துத் தர்றேன். டவுன் நம்பரும் இருக்கட்டும், வேணாங்கல. ஆனா லாரி இந்த ஊரை விட்டு நகராது. ஊர் பெருசானா வண்டி கூடணும். இருக்கிற ஒண்ணையும் பிடுங்குறதுக்குப் பேரு திட்டமா?"

தலைவருக்கு முகம் சிவந்தது. "அந்த நம்பர் காலையிலேர்ந்து வேலை செய்யுது. கூப்பிட்ட உடனே எடுப்பாங்க."

"அப்ப கூப்பிட்டுப் பாப்போம். எடுத்தா, சும்மா சோதிச்சோம்னு சொல்லி மன்னிப்பு நான் கேக்கிறேன். பேட்டரியையும் நானே மாட்டித் தர்றேன்."

டீச்சரே தன் போனில் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள். மணி அடித்தது. நன்றாகக் கேட்கட்டும் என்று கொழுந்தன் மின்விசிறியை நிறுத்தினான். அடித்தது. தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னும் அடித்தது.

டீச்சர் மெல்லக் கையை நீட்டிச் சாவியை எடுத்தாள்.

"ஏக்கா, கிளட்ச் ரொம்ப இறுக்கமா இருக்குமோ?"

மேசையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.