மேசையில் விட்ட இதழ்

பல்கலைக்கழக ஆய்வு நூலகத்தின் ஒவ்வொரு மேசையிலும் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும்: 'எடுத்த இதழை நீங்களே அலமாரியில் திருப்பி வைக்காதீர்கள். இங்கேயே விட்டுச் செல்லுங்கள்.' எழுதியவள் தலைமை நூலகர். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'உஷ் மேடம்'.

மாலையில், இதழ்களை அடுக்குகிற அக்கா வந்து, மேசைமேல் கிடப்பதையெல்லாம் குறித்துக்கொண்ட பிறகே அலமாரியில் வைப்பாள். எது படிக்கப்படுகிறது என்று அறிய அதுதான் வழி. ஆண்டு முழுக்க எந்த மேசைக்கும் வராத இதழ், ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்குக்குப் போய்விடும். அந்த இடத்தில் மாணவர்களுக்கு நாற்காலி போடுவார்கள்.

இந்த விதியைக் கடைசிவரை மதிக்காத ஒரே வாசகர் தலைமை நூலகரின் கணவர். பாசிகளை ஆராய்ந்தவர், 'பாசி சார்' என்றால்தான் யாருக்கும் தெரியும். பாசியியல் இதழை எடுப்பார், ஜன்னலோர மேசையில் படிப்பார், எடுத்த இடத்திலேயே வரிசை பிசகாமல் சொருகிவிடுவார். வீட்டிலோ நேர் எதிர். டம்ளர் ஜன்னலில், மூக்குக்கண்ணாடி குளியலறையில், துண்டு கதவின் மேல்.

"எடுத்த இடத்துல வைங்கன்னு வீட்ல சொல்றேன். வைக்காதீங்கன்னு லைப்ரரில சொல்றேன். ரெண்டையும் மாத்தியா செய்வீங்க?"

"உன் புத்தகத்துக்கு மரியாதை குடுத்தா அதுக்கும் திட்டா?"

"நீங்க படிக்கிறது கணக்குலயே வரல. உங்க ஸ்டூடண்ட்ஸ் மேசைல விடறதாலதான் அது தப்பிக்குது. ஒருநாள் உங்க பாசியக் கிடங்குக்கு அனுப்பிடுவேன், பாத்துக்குங்க."

"தாராளமா அனுப்பு. ஈரமான இடம்னா அதுக்கு நல்லதுதான்."

அவர் போய் ஓராண்டு ஆகப்போகிறது. இப்போது வீட்டில் வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது. எதையும் தேட வேண்டியதில்லை. விடுமுறை நாட்களில் தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் அவள் தொண்டையைச் செருமிக்கொள்வாள்.

மதிய இடைவேளைகளில் அவள் அந்த ஜன்னலோர மேசைக்குப் போகத் தொடங்கினாள். சும்மா உட்கார்ந்திருந்தால் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள் என்று பாசியியல் இதழ் ஒன்றை விரித்துக்கொள்வாள். ஒரு வரியும் புரியாது. எழுந்து போகும்போது, தன் அறிவிப்புப்படியே, மேசையில் விட்டுவிடுவாள். அடுக்குகிற அக்கா அதைக் குறித்துக்கொண்டாள். இதனால் அந்த இதழ் தப்பிவிடும் என்று உறைத்த பிறகும் தலைமை நூலகர் அங்கே போவதை நிறுத்தவில்லை.

எந்த இதழ் கிடங்குக்குப் போகும் என்று முடிவெடுக்கும் ஆண்டுக் கூட்டம் வந்தது. நிலவியல் பேராசிரியரான கல் சார், போன ஆண்டு தன் இதழைக் கிடங்குக்குப் பறிகொடுத்தவர்.

"நான் கெஞ்சக் கெஞ்ச 'விதின்னா விதி சார்'னு தூக்கிட்டுப் போனீங்க. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தானே தெரியும்! பாசி சாரே போயிட்டார், அவர் ஸ்டூடண்ட்ஸும் முடிச்சுட்டுப் போயிட்டாங்க. இப்ப அதை யாரும்மா படிக்கிறா?"

"படிக்கிறாங்க சார்," என்றாள் அடுக்குகிற அக்கா. "அடிக்கடி மேசைல கிடக்கு. நான்தானே எடுத்து வைக்கிறேன்." சொல்லும்போது அவள் தலைமை நூலகரைப் பார்க்கவேயில்லை. எல்லாம் தெரிந்தவர்கள்தான் அப்படிப் பார்க்காமல் இருப்பார்கள்.

தலைமை நூலகர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இதழ் தங்கிவிடும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, உள்ளே நாற்காலி கிடைக்காமல் மாடிப்படியில் உட்கார்ந்து முழங்கால்மேல் புத்தகத்தை வைத்து ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது நான்தான். என்னைக் கணக்குல சேக்காதீங்க."

"யார் படிச்சா என்ன மேடம்?"

"நான் எங்க படிச்சேன்? உக்காந்திருந்தேன். அவ்வளவுதான்."

கல் சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேம்மா. இருந்துட்டுப் போகட்டும்."

"வேணாம் சார். அப்புறம் உங்க கல்லையும் திருப்பித் தூக்கிட்டு வரணும். எங்க முதுகு தாங்காது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வண்டியில் ஏற்றும் நாளில் பாசியியல் அலமாரி மட்டும் ஒழுங்கு குலையாமல் நின்றது. "ஒண்ணே ஒண்ணு வச்சுக்குங்க மேடம், யாரு கேக்கப்போறா?" என்றாள் அக்கா.

"நடுவுல ஒண்ணு குறைஞ்சா அவருக்குப் பிடிக்காது அக்கா."

மறுவாரம் புது நாற்காலிகள் நிறைந்துவிட்டன. ஜன்னலோர மேசையில், படியில் எழுதிக்கொண்டிருந்த அதே பெண். பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"மேடம், உக்காருறீங்களா?"

"இல்லம்மா. நீ படி."

அன்று மாலை வீட்டில், தேநீர் குடித்த டம்ளரைக் கழுவாமல் ஜன்னலில் வைத்தாள். காலையில் அது அங்கேயே இருந்தது. எடுத்துக் கழுவி, அதன் இடத்தில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.