வள்ளிமயில் வாங்கிய ஒன்பது வருடப் பேச்சு

விளாத்திகுளத்துக்குப் பக்கத்துக் கரிசல் காட்டில் அறுபது செம்மறிகளை மேய்க்கும் வள்ளிமயிலுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. அதற்காகப் பேச்சு வாங்கியது அவள் மட்டும்தான். வளைகாப்பு வீடுகளுக்கு மாமியார் பாண்டியம்மாள் அவளைக் கூட்டிப் போனதே கிடையாது. "உங்ககிட்ட ஒரு குறையும் இல்ல, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்று கோவில்பட்டி டாக்டரம்மா மூன்று முறை சொல்லியனுப்பினார். ஆம்பளைக்கு எதற்கு டெஸ்ட் என்று கேட்டுவிட்டு அவள் புருஷன் கார்த்திகேசன் போய்விட்டான்.

இந்தத் தை மாதம், அவனுக்கு இரண்டாந்தாரமாக மணியாச்சியில் ஒரு பெண்ணைப் பேசி முடித்து வந்தாள் பாண்டியம்மாள். வள்ளிமயில் வாசலில் நின்று சத்தமாகவே கேட்டாள்.

"அத்தை, போன வருசம் ஆடு ஒண்ணுகூடச் சினை பிடிக்கலன்னு எதை வித்தீங்க? கிடாயத்தான? இங்கன மட்டும் ஏன் என்னைய மாத்தப் பாக்குதீங்க?"

தெருவே கேட்டது. அந்த ரோஷத்திலேயே கார்த்திகேசன் மறுநாள் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினான்.

விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. விதையிலிருந்து துளி சதை எடுத்தும் பார்த்தார்கள். டாக்டரம்மா வள்ளிமயிலையும் வரச்சொல்லி, இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "நம்ம உடம்பு செல்லுல நாப்பத்தாறு குரோமோசோம் இருக்கு. கருமுட்டையும் உயிரணுவும் உருவாகும்போது அது பாதியாகி இருபத்துமூணாகணும். அந்த ரெண்டு பாதியும் சேர்ந்தாத்தான் கரு. இவருக்கு அந்தப் பிரியுற வேலை நடுவழியிலேயே நின்னுருது. அதனால உயிரணு முழுசா உருவாகல. இது இவர் தப்பு இல்ல."

வீட்டில் பாண்டியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏட்டி, வெளிய சொல்லிராத. குறை ஒனக்குன்னே இருக்கட்டும். புதுசா ஒருத்தி வந்தா எல்லாம் சரியாயிரும்" என்றாள்.

வள்ளிமயில் நேரே போய்ப் புருஷன் போனை எடுத்து மணியாச்சிக்குப் போட்டாள். பெண்ணின் அப்பாவிடம், "அண்ணாச்சி, நான் கார்த்திகேசன் பொண்டாட்டி பேசுதேன்" என்று தொடங்கி, டாக்டரம்மா சொன்ன அத்தனையும் சொன்னாள். கல்யாணப் பேச்சு அன்றே முறிந்தது.

"என் மானத்த வாங்கிட்டியேட்டி!" என்று கத்தினான் கார்த்திகேசன்.

"ஒங்க ஒடம்பு மேல எனக்குக் கோவம் இல்ல. ஒரு டெஸ்ட்டுக்கு வராம, ஒம்போது வருசம் என்னைய மலடின்னு சொல்ல விட்டீங்கள்ல, அதுக்குத்தான் கோவம். எனக்கு மானம் இல்லியா?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். பத்து நாள் கழித்து டீக்கடையில் யாரோ அவளை மலடி என்றபோது, "குறை எங்கிட்டதாம்ல. அவள ஒண்ணும் சொல்லாத" என்று எழுந்து நின்றானாம். அது அவள் காதுக்கும் வந்தது. ஆனாலும் அவனோடு முகம் கொடுத்துப் பேச அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை.