ஏழாவது பின்

தெருவில் எல்லோருக்கும் அவர் ‘ஷாக்’. ஃபேன் ரிப்பேர் செய்பவர். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் ஷாக் அடித்தது என்று சாதிப்பார். பார்த்தவர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள்.

மனைவி படுத்த படுக்கையானபோது, முன்னறைப் பட்டறையில் இருந்தபடியே கவனித்துக்கொள்ள ஓர் ஏற்பாடு செய்தார். கட்டில் ஓரம் ஒரு பொத்தான், அங்கிருந்து நீளமாக ஒயர், பட்டறைச் சுவரில் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அதன் தலைமேல் விளக்கைப் போடும் ரிலே போர்டு. பொத்தானை அமுக்கினால் ‘டக்’கென்று ரிலே அடித்துச் சிவப்பு விளக்கு எரியும்.

விளக்கு அடிக்கடி எரிந்தது. கடுகடுத்த முகத்தோடு ஓடுவார். அந்த முகத்தைப் பார்த்ததும் மனைவி, “நான் அமுக்கலையே” என்பாள். நாலு தடவை இப்படி ஆனதும் அவருக்குக் காரணம் பிடிபட்டது. போர்டில் பொத்தான் ஒயர் சேரும் ஏழாவது பின்னுக்கு ரெசிஸ்டர் வைக்க மறந்திருக்கிறோம். அது இல்லாவிட்டால் யாரும் தொடாமலே விளக்கு தானாக எரியும். பிரித்துச் சரிசெய்யச் சோம்பல். அதன்பின் விளக்கு எரிந்தால், “சும்மா எரியுது” என்று இருந்துவிடுவார்.

கடைசி நாள் மதியம் மூன்று மணிக்கும் எரிந்தது. கையிலிருந்த ஃபேன் காயிலைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் உள்ளே போனார். அவள் விரல் பொத்தான்மேல் இருந்தது. உயிர் இல்லை.

பொத்தானையும் ஒயரையும் அன்றே பிடுங்கி எறிந்தார். விளக்கு எரிவது மட்டும் நின்றபாடில்லை. தினமும் மூன்று மணிக்கு ‘டக்’. ஊரிலிருந்து மகள் வந்திருந்த அன்றும் எரிந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஒண்ணுமில்லம்மா. ரெசிஸ்டர் வைக்கல, அதான்.”

“நான் வச்சுடறேன்பா. நீங்க உக்காருங்க.”

பட்டறையிலேயே வளர்ந்தவள். மேலே இருந்த ரிலே போர்டைக் கழற்றினாள். மீட்டரை எடுத்து இரண்டு தடவை வைத்துப் பார்த்தாள்.

“என்னம்மா?”

“ரெசிஸ்டர் இருக்கேப்பா. நீங்கதான் வச்சிருக்கீங்க. உங்க சோல்டர்தான், குண்டு குண்டா. மீட்டர்லயும் சரியாக் காட்டுது.”

எட்டிப் பார்த்தார். இரண்டு போர்டுக்கும் நடுவே அது மறைந்து கிடந்தது. அப்படியானால் ஒரு தடவைகூட விளக்கு சும்மா எரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள்தான் கூப்பிட்டிருக்கிறாள். இவர் முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்லியிருக்கிறாள். ஷாக்குக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

“அப்போ இப்ப எப்படிப்பா எரியுது?” மகள் கேட்டாள்.

அவர் போர்டை இருந்தபடியே மாட்டினார்.

மறுநாள் மூன்று மணிக்கு ‘டக்’. பாதி சுற்றிய காயிலைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். காலிக் கட்டிலின் ஓரம் உட்கார்ந்து, “வந்துட்டேன், சொல்லு” என்றார்.

பட்டறையில் மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது.