திருவிழாக் காலத்துக் கிராபிக்ஸ் கார்ட்

என்னுடைய பழைய கணினியை நான் இயக்கும்போதெல்லாம் அப்பா கிணற்றடிக்கு ஓடுவார். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டரை நிறுத்தாமல் விட்டுவிட்டதாக அவருக்குத் தோன்றும். பாதி வழியில் சத்தம் வீட்டுக்குள் இருந்து வருவதைக் கண்டுபிடித்துத் திரும்பி வந்து, என் அறை யன்னலால் எட்டிப் பார்ப்பார்.

"பிள்ளை, உதுக்கு எண்ணெய் கிண்ணெய் விட்டுப் பாத்தனியோ?"

அதை வாங்கிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. அப்போது நான் பல்கலைக்கழக மாணவி. இப்போது அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்தில் வேலை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்து ஸ்கூட்டரில் இணுவில் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கணினி விளையாட்டில் பூதங்களை வெட்டுவேன். கலியாணம் பேசி வருகிறவர்களிடம் அம்மா, "பிள்ளை பின்னேரத்திலை கொம்பியூட்டரிலையும் ஏதோ வேலை செய்யிறவ" என்று சொல்லி வைத்திருந்தார்.

கடைசிக் காலத்தில் அந்தக் கணினிக்குப் பக்கத்துத் தகடு இல்லை. சூடு ஏறுகிறது என்று நானே கழற்றிவிட்டேன். திறந்த வயிற்றுக்கு நேரே மேசை விசிறி ஒன்று எந்நேரமும் ஓடும். இயக்குவதற்குப் பொத்தானை அழுத்தினால் போதாது. பெட்டியின் இடது தோளில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். உள்ளே ஒரு பல்லி குடியிருந்தது. மழை நாட்களில் இரண்டு.

ஆடி மாதத்து மத்தியானம் ஒன்றில் திரை முழுக்கப் பச்சைக் கோடுகள் விழுந்தன. நான் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தேன். அப்பா வந்து பார்த்தார்.

"வெங்காயப் பாத்தி மாதிரிக் கிடக்கு. வடிவாத்தான் இருக்கு."

"அப்பா, அது செத்துப்போச்சு."

"ஓ" என்றார். கொஞ்ச நேரம் மரியாதைக்காக நின்றுவிட்டுப் போனார்.

யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு பின்னால் வேலை செய்துகொண்டிருந்த இருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். மூவரும் புதைபொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். புதியது ஒன்றின் விலையைக் கேட்டேன். அந்த விலைக்கு அப்பா கறவை மாடும் கன்றும் வாங்கிவிடுவார். என் முகத்தைப் பார்த்த கடைக்காரருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"தங்கச்சி, பழைய சாமான் தேடி எடுத்து, ஒவ்வொண்டாப் பொருத்திப் பூட்டுங்கோ. ஆனா பவர் சப்ளையை மட்டும் புதுசா வாங்குங்கோ. அதிலை மிச்சம் பிடிச்சா வீடும் சேந்து எரியும்."

அதை மட்டும் அவரிடம் வாங்கினேன். பெட்டி பழையது, விசைப்பலகை பழையது, திரை பழையது. மதர்போர்டும் பிராசசரும் ரேமும், படிப்பு முடிந்து ஊருக்குப் போகிற மாணவன் ஒருவனிடம் சேர்த்து வாங்கினேன். மிச்சம் கிராபிக்ஸ் கார்ட். படத்தைத் திரையில் வரைகிற வேலை அதனுடையதுதான். அது நன்றாக இல்லாவிட்டால் பூதம் வருவதற்குள் எனக்கு ஓய்வுபெறும் வயது வந்துவிடும். இரண்டு கிழமை இணையத்தில் தேடி, குருநகரில் ஒருவர் விற்கிறார் என்று அறிந்து போனேன்.

அவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தோளில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"பிள்ளை பிறந்து நாலு மாசம் அக்கா. மனுசி சொல்லிப்போட்டா, ஒண்டில் வீட்டிலை கேம் இருக்கோணும், இல்லாட்டி தான் இருக்கோணுமாம்."

"உடனை ஓம் எண்டிட்டீங்களோ?"

"இல்லை. அரை நாள் யோசிச்சனான்."

உள்ளே இருந்து அவருடைய மனைவி, "முழு நாள்!" என்று குரல் கொடுத்தார்.

அவர் கார்டைத் தன் கணினியில் பூட்டி ஓட்டிக் காட்டினார். படம் கண்ணாடிபோல இருந்தது. முற்றம் முழுக்க வலை விரித்து அதன்மேல் மீன் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் காற்றே கருவாடாகத்தான் மணத்தது. கதவு, கதிரை, எனக்குத் தந்த பிளேன்ரீ எல்லாம். அதனால் கார்டை மட்டும் தனியாக மோந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கிராபிக்ஸ் கார்ட் வாங்குகிறபோது யார்தான் மோந்து பார்க்கிறார்கள்?

நான் கணினியைப் பூட்டிய கிழமை நல்லூர் முருகன் கோயிலில் கொடியேறிவிட்டது. திருவிழா முடியும்வரை இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டில் மச்சம் புழங்காது. மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டைகூட இல்லை. அம்மா மீன் சட்டிகளைக் கழுவிக் கட்டிக் கொட்டிலுக்குள் வைத்துவிடுவார். குசினிக் கத்தியைக்கூட மாற்றுவார்.

சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துச் சனிக்கிழமை முழுக்கப் பூட்டினேன். பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. பழக்கத்தில் இடது தோளில் தட்டியும் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிய நேரம் அப்பா வந்து சுவரில் இருந்த சுவிச்சைப் போட்டார். கணினி உயிர்த்தது. அவர் வந்த வழியே திரும்பிப் போனார். ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சத்தமே இல்லை. அப்பா கிணற்றடிக்கு ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட பிறகு, முதன்முதலாக அந்தப் பெரிய விளையாட்டைப் போட்டேன். மலை உச்சியில் சிறகு முளைத்த ஒரு நாகம், வாயைத் திறந்து தீயைக் கக்கியது. தீயின் ஒவ்வொரு பொறியும் தெரிந்தது. என்ன அழகு என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்போதுதான் மூக்கில் பட்டது.

கருவாடு. சந்தேகமே இல்லை. நல்ல எண்ணெயில் பொரிகிற கருவாடு.

விளையாட்டை நிறுத்திவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனேன். அங்கிருந்துதான் வந்தது. கார்ட் சூடாகச் சூடாக மணம் கூடியிருக்கிறது. நான் கணினியை அணைப்பதற்குள் வீட்டின் மறுகரையில் அம்மாவின் குரல் கேட்டது.

"ஆர் உது, திருவிழாக் காலத்திலை?"

முதலில் பக்கத்து வீட்டு வேலிக்குப் போய் மோந்தார். அங்கே சாம்பாறுதான். பிறகு பூனையைப் பிடித்து அதன் வாயை மோந்தார். கடைசியில் விறாந்தையில் நின்று கூப்பிட்டார்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா வாங்கோ. ஒண்டு கேக்கப்போறன். முருகனை நினைச்சுக்கொண்டு உண்மையைச் சொல்லுங்கோ."

உங்களுக்கும் மணக்கிறதா என்று கேட்கத்தான் அம்மா கூப்பிட்டாராம். இதைப் பிறகுதான் சொன்னார். அப்பாவோ சாய்மனைக் கதிரையில் இருந்து எழுந்து, துவாயால் முகத்தைத் துடைத்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டுதான்" என்றார்.

"என்ன ரெண்டு?"

"மீன் ரோல்ஸ். திருநெல்வேலிச் சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோன இடத்திலை. பசி தாங்கேலாமல் போச்சுது."

அம்மா கிட்ட வந்தார். "எப்ப?"

"முந்தநாள்." பிறகு, "நேற்றும்" என்றார். அம்மா வாயைத் திறப்பதற்குள், "இண்டைக்குக் காலமை ஒரு கட்லட் மட்டும்" என்று சொல்லி முடித்தார்.

நான் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொன்னால் கார்ட் வீட்டை விட்டுப் போகும் என்பதும் தெரியும். நான் விஞ்ஞானப் பட்டதாரி. என் கண் முன்னாலேயே அம்மா, "மூண்டு நாளா உடம்பிலை ஊறினது இப்ப வேர்வையிலை வெளிக்கிடுது" என்று ஒரு புதிய விஞ்ஞானத்தை நிறுவினார். நான் தலையை ஆட்டினேன்.

அம்மா அப்பாவைக் கிணற்றடியில் வைத்துச் சீயாக்காய் போட்டு மூன்று தரம் முழுகச் செய்தார். அவருடைய சேட்டைத் தோய்த்து வேலியில் காயப்போட்டார். அடுத்தநாள் வெறுங்காலோடு நல்லூருக்கு நடந்து போய், வீதியில் உருண்டு பிரதட்டை செய்து, முருகனிடம் மன்னிப்புக் கேட்டு வர வேண்டும் என்று தீர்ப்பானது. அப்பா உடனே ஓம் என்றார். உண்மையில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

வருத்தம் ஒரு நாள்தான் தாங்கியது. அடுத்தநாள் பின்னேரம் அப்பா நல்லூர் வீதியில் உருண்டுகொண்டிருந்த நேரம், ஒரு பத்து நிமிடம் மட்டும் என்று கணினியைப் போட்டேன். நாகம் வந்தது. தீ வந்தது. அடுத்து அம்மா வந்தார்.

இந்த முறை அவர் வேலிக்கும் போகவில்லை, பூனையையும் பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை முன்னால் நீட்டி, நேரே என் மேசைக்கு வந்து பெட்டியின்மேல் குனிந்தார்.

"பிள்ளை, உது கருவாடு பொரிக்குது."

"ஓம் அம்மா."

"அப்ப கொப்பா?"

"அப்பாவும் ரோல்ஸ் சாப்பிட்டவர்தானே" என்றேன். எவ்வளவு கேவலமான பதில் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அப்பா முதுகெல்லாம் மணலோடு, நெற்றி நிறையத் திருநீற்றோடு வீடு வந்தார். அம்மா விசயத்தைச் சொன்னார். அவர் என்னைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், தன் முழங்கையில் உரசின இடத்தைப் பார்த்தார். "ஒருத்தரும் கேளாமலே நானே சொல்லிப்போட்டன்" என்று மட்டும் சொல்லிவிட்டு முழுகப் போனார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

குருநகர்க்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். கேட்டதும் அவர் பதறிவிட்டார்.

"ஐயோ அக்கா, எங்கடை அம்மா கார்டைக் கருவாட்டுப் பெட்டிக்கு மேலை வைச்சவ. நான் துடைச்சுத்தான் தந்தனான். உங்கடை வீட்டிலை திருவிழாக் காலம் வேறை. ஞாயிறு சேர்ச்சிலை பூசை முடிஞ்சவுடனை நானே வாறன்."

சொன்னபடி வந்தார். ஒரு கையில் ஆணி கழற்றும் திருப்புளிகள் போட்ட பை, மறு கையில் மருந்துக்கடை ஸ்பிரிட் போத்தல். வீட்டுக்குள் வைத்துத் திறக்கக்கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை. முற்றத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, பேப்பர் விரித்து, கார்டைக் கழற்றினார். நாங்கள் மூவரும் சுற்றி நின்றோம். விசிறிகளை எடுத்தார். அவற்றுக்குக் கீழே மெல்லிய அலுமினியத் தகடுகள் சீப்புப் பல்லுப்போல வரிசையாக இருந்தன. அவர் ஓர் இடத்தில் நிறுத்தி, குறட்டின் நுனியை விட்டு, எதையோ மெல்ல இழுத்தார்.

ஒரு முழு நெத்தலி. தலை, வால், கண் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒரு பக்கம் பொன்னிறமாக முறுகியிருந்தது.

அப்பாதான் குனிந்து பார்த்தார்.

"நல்ல பருத்த நெத்தலி" என்றார். அம்மா திரும்பிப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டார். அதை எங்கே எறிவது, எறிந்தால் வளவு துடக்காகுமா என்று அம்மா யோசித்துக்கொண்டிருக்கும்போது பூனை வந்து தீர்த்துவைத்தது.

தகடுகளை ஸ்பிரிட்டால் மூன்று தரம் கழுவி, புதிய பசை பூசி, திரும்பப் பூட்டினோம். அம்மா சாம்பிராணி காட்டினார். புகை விசிறிக்குள் போகாமல் நான் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றேன்.

"சூடாக்கிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார் குருநகர்க்காரர். "மலை உச்சி நாகத்தை வெட்டி முடிச்சிட்டீங்களோ அக்கா?"

"இல்லை."

"நானும் அதிலைதான் விட்டனான். ஒருக்கா இருக்கட்டோ?"

என் கதிரையில் அவர் உட்கார்ந்தார். நாகம் தீ கக்கியது. அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மோந்து, "சாம்பிராணி மட்டும்தான்" என்று அறிவித்தார். சோதனை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் எழும்பவில்லை, நாங்களும் எழுப்பவில்லை. அப்பா கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு இருந்தார்.

"வாலுக்கை போகாதையும் தம்பி! பின்னாலை வாரும், பின்னாலை!"

அரைமணி நேரம் போயிருக்கும். குருநகர்க்காரரின் தொலைபேசி அடித்தது. ஒரு கையால் எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டார்.

"ஓமப்பா, இணுவிலிலைதான் நிக்கிறன். இல்லையப்பா, கார்ட் சரி. இஞ்சை தண்ணி மோட்டர் ஒண்டு பழுதாம், ஐயா கேட்டவர், அதைத்தான் பாத்துக்கொண்டு…"

நாகம் உறுமியது.

"அதுதான் மோட்டர்" என்றார்.

அம்மா அவர் தோளில் இருந்து தொலைபேசியை எடுத்தார். "பிள்ளை, நான் கார்ட் வாங்கின அக்காவின்ரை அம்மா கதைக்கிறன். உம்மடை மனுசன் கேம்தான் விளையாடுறார். ஓம். இல்லை, மோட்டர் ஒண்டும் பழுதில்லை. ஓம், சொல்லுறன்." பிறகு அவரிடம், "வரட்டாம்" என்றார்.

அவருக்கு நாகத்தின் உயிரில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. கெஞ்சுகிற கண்ணோடு அம்மாவைப் பார்த்தார். அம்மா திரையைப் பார்த்தார், நாகத்தைப் பார்த்தார், தொலைபேசியைத் திரும்பக் காதில் வைத்தார்.

"பிள்ளை, ரெண்டு நிமிசத்திலை வெளிக்கிடுவார். கத்தரிக்காய் கட்டிக்கொண்டிருக்கிறம்."

திருவிழாக் காலத்தில் அம்மா சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன். சொன்ன கையோடு அதை உண்மையாக்கத் தோட்டத்துக்கு ஓடி, ஒரு பை நிறையக் கத்தரிக்காய் ஆய்ந்து கொண்டுவந்தார். அதற்குள் நாகம் குருநகர்க்காரரைக் கொன்றுவிட்டது. பையை வாங்கி மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு, வால்பக்கம் போயிருக்கக்கூடாது என்று அப்பாவிடம் ஒப்புக்கொண்டுவிட்டு, அவர் குருநகருக்கு வெளிக்கிட்டார்.