தங்கச்சியைப் பற்றி விசாரிக்க வந்தவர்

என் தங்கச்சி மலையாள எல்லையில் எங்கள் சித்தூர் காலேஜில் கணக்குப் படித்தாள். எழுபதுகளின் நடுவில் மேற்படிப்புக்குச் சென்னை போனாள். கம்ப்யூட்டர் என்றாள். நான் ஐந்தாவதோடு நின்றவன். லீவுக்கு வந்தபோது கேட்டேன்.

“அதப் படிச்சா என்ன வேல?”

“அதுல இருக்கற விசயத்த வெளியாளு எடுக்காமக் காக்கறதுண்ணா. பேங்க்குல ஆளு வேணும், ரயில்வேல வேணும். டெல்லியில கவர்மெண்ட்டோட ரகசியத் தபாலை நம்பரா மாத்தி அனுப்பற ஆபீஸ் இருக்குது. அதுக்குத்தான் எழுதிப் போட்டிருக்கேன்.”

“கடலக் காட்டுக்குக் காவல் இருக்கற மாதிரியா?”

“அதேதான். நாயி மட்டும் இல்ல.”

பரீட்சையும் இன்டர்வியூவும் தேறிவிட்டதாகப் பிறகு கார்டு போட்டாள்.

அந்த மாசம் பெருமாட்டியில் எங்களுக்குக் கடலைக்காய் பறிப்பு. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வரப்பு மேல் வந்தார். மலையாளம் கலந்த பேச்சு. தங்கச்சி எப்படிப்பட்டவள், யாரோடு பழக்கம், வீட்டில் யார் மேலாவது கேஸ் உண்டா என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டுக்காக விசாரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் அப்படித்தான் வருவார்கள். யாரென்று சொல்ல மாட்டார்கள். நாமும் கேட்கக் கூடாது. கேட்டால் வந்த இடம் கலைந்துவிடும்.

இளநீர் வெட்டிக் கொடுத்தேன்.

“கள்ளமில்லாத புள்ளைங்க. ஒண்ணையும் மறைக்கத் தெரியாது. அங்க நடக்கறத ஒண்ணு விடாம கடுதாசில எழுதிருமுங்க. எனக்குப் படிப்புக் கம்மி, டீக்கடக்காரர்தான் கடையில வெச்சு சத்தமா வாசிப்பாரு.”

“அப்போ ஊருக்கெல்லாம் அறியுமோ?”

“ஆமாங்க. மறைக்க என்னங்க இருக்குது?”

அத்தனையும் பொய். அவள் கடிதத்தில் சுகம் விசாரிப்பதற்கு மேல் ஒரு வரி இருக்காது. நல்ல பேர் வாங்கித் தருவதாக நினைத்தேன்.

அவர் சிரித்தார். ஜாதகம் கேட்காமலே போனார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்று மாசம் கழித்து அவள் வந்தாள். வேலை இல்லை என்று டெல்லியிலிருந்து இரண்டு வரி வந்ததாம்.

“பரீட்சையில நானுதாண்ணா மொத ஆளு. போலீஸ் விசாரணையில அடிபட்டுப் போச்சுன்னு வாத்தியார் சொல்றாரு. ஊட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?”

வெள்ளைச் சட்டைக்காரருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது.

“ஒருத்தரும் வரலியே” என்றேன்.

நம்பினாள். ஹாஸ்டலில் கூட இருந்த சிநேகிதிதான் ஏதோ சொல்லிக் கெடுத்துவிட்டாள் என்று முடிவு கட்டினாள். அந்தப் பெண்ணிடமிருந்து மூன்று கடிதம் வந்தது. பிரிக்காமல் திருப்பி அனுப்பினாள். மூன்றையும் கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தவன் நான்.