சந்தேகம் இருந்தால் அழைக்கவும்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு முட்டி போய்விட்டது. இருபத்தாறு வருடமாக மாடிப்படி ஏறியே லிஃப்டைச் சரிசெய்தவர் அவர். லிஃப்ட் ஒழுங்காக ஓடினால் அவரை யார் கூப்பிடப் போகிறார்கள்? இனிமேல் படி ஏறினால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு வீடியோ கண்ணில் பட்டது. தெரிந்த தொழிலைப் புத்தகமாக எழுதி ஆன்லைனில் ஏற்றிவிட்டால், நீங்கள் தூங்கினாலும் காசு வரும் என்று ஒரு மகானுபாவர் சோபாவில் சாய்ந்தபடி அருளினார். மெக்கானிக்குக்கு அது வேதவாக்கு. மூன்று மாதம் சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு 'லிஃப்ட் பழுதும் தீர்வும்' எழுதி முடித்தார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல புத்தகம். கதவு முதல் பிரேக் வரை படம் போட்டு விளக்கியிருந்தார். அதை ஏற்றிய கையோடு முதலாளியிடம் ராஜினாமாவையும் நீட்டினார்.

"நாலு பேர் வாங்குறாங்களான்னு பார்த்துட்டுக் குடுத்திருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

"இனிமே நான் சும்மா இருப்பேன். புத்தகம் வேலை செய்யும்."

"நீங்க சும்மா இருப்பீங்க, சரி. அது வேலை செய்யுமா?"

இதில் ஒரு சின்னக் கோளாறு. சரிசெய்த லிஃப்டில் எல்லாம் 'சந்தேகம் இருந்தால் அழைக்கவும்' என்று எழுதி, தன் போன் நம்பரையும் போட்டு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வழக்கம். பழக்கதோஷத்தில் கை அதையே ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் எழுதிவிட்டது. முதல் அத்தியாயம் எல்லோருக்கும் இலவசம்.

படித்தார்கள், உடனே கூப்பிட்டார்கள். குளிக்கப் போனால் போன், சாப்பிட உட்கார்ந்தால் போன். பிழைக்கத் தெரியாத மனுஷன், ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் விளக்கினார். புத்தகத்தை வாங்கியது அவருடைய மைத்துனர் மட்டும்தான். அந்த மைத்துனருக்கு லிஃப்டில் ஏறவே பயம். ஐந்து நட்சத்திரத்தோடு ஒரு பாராட்டு வந்தது: 'ஆசிரியர் உடனே போனை எடுக்கிறார். புத்தகம் தேவைப்படவில்லை.'

நேற்று மதியம் கூப்பிட்டவன், அவர் இடத்தில் சேர்ந்த புது மெக்கானிக்.

"அண்ணே, லிஃப்ட் மூணாவது மாடிக்கு மேல பாதியில நின்னுடுச்சு. உள்ள ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க. உங்க புத்தகத்தைப் பார்த்துத்தான் பண்றேன். பதினாறாம் பக்கத்துக்கு மேல காசு கேக்குது. அடுத்தது என்னன்னு நீங்களே சொல்லிடுங்களேன்."

"வேலைக்குச் சேர்ந்து எத்தனை நாள் ஆச்சு?"

"பத்து நாள்ணே."

"எதையும் தொடாத. வரேன்."

மோட்டார் இருந்தது மொட்டை மாடியில். ஆறு மாடியையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். கால் மணி நேரத்தில் அந்த அம்மா பத்திரமாக வெளியே வந்தார். மெக்கானிக் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். வலியும் அவமானமும் சேர்ந்து கண் கலங்கிவிட்டது. அப்போது போன் அடித்தது. முதலாளி.

"கேள்விப்பட்டேன், ரொம்ப நன்றி. அப்புறம், புத்தகம் எப்படிப் போகுது?"

"பிரமாதமா போகுது சார்," என்றார் முட்டியைத் தடவியபடி. "நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?"