பின்னூட்டங்களை விட்டுவிட்டு வந்தேன்

கல்லூரிக்குக் கிளம்பி கடலூர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது நண்பன் தணிகாசலத்தின் மனைவி செல்வி அழைத்தார். “அண்ணே, அவுரு காலையில எழுந்திருக்கவே இல்லண்ணே. டாக்டரு வந்து பாத்துட்டு, இல்லன்னுட்டாரு.” சிதம்பரம் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை. முந்தின வாரம் போட்ட சண்டைக்கு அவனிடம் என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

இலக்கியக் கோட்பாட்டுக்கென்று நாங்கள் இருவரும் நடத்திய சின்ன வலைப்பூவின் வழியாக அவனை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். கட்டுரைகள் என்னுடையவை. சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த அவன், வாசகர்கள் எழுதும் பின்னூட்டங்களைப் பார்த்துக்கொண்டான். பதில் எழுதி முடிக்காமல் எதையும் வெளியிட மாட்டான். “கேட்டவருக்கு ஒரு வார்த்த சொல்லாம, அவுரு கேட்டத மட்டும் ஊருக்குக் காட்டுனா மரியாதயா மச்சான்?” என்பான்.

தேவனாம்பட்டினத்தில் படகு என்ஜின் பழுதுபார்க்கும் குமார் ஒருமுறை பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்: “கதய எழுதுனவரு செத்துட்டா, அர்த்தத்த யாருகிட்ட போயி கேக்கறது?” நான் சிரித்தேன். தணிகாசலம் இரண்டு நாள் விடுப்புப் போட்டுப் பதில் எழுதினான். என் கட்டுரைகள் எதையும்விட அது நன்றாக இருந்தது. அப்போது அவனிடம் அதைச் சொல்லவில்லை.

எங்களுக்கு இலவசமாக இடம் கொடுத்திருந்த தளத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கட்டுரைகள் அத்தனையையும் புதிய தளத்துக்கு மாற்றிவிட்டேன். பின்னூட்டங்கள் அவற்றோடு வரவில்லை. கட்டுரைதானே முக்கியம் என்று இருந்துவிட்டேன். கீழவீதி டீக்கடையில் அவன் கத்திய கத்தலில் மாஸ்டரே திரும்பிப் பார்த்தார். “வாசகர்தான் அர்த்தத்த முழுசாக்குறாருன்னு பக்கம் பக்கமா எழுதுன. வூடு மாத்துறப்ப வாசகர மட்டும் உட்டுட்டு வந்து நிக்கிற. அந்தப் பக்கம் நான் வரவே மாட்டேன், போ!”

“வராத போ” என்றேன். அவனிடம் நான் நேரில் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

செல்வி காட்டிய பிறகுதான் தெரிந்தது: அன்றிலிருந்து அவன் பழைய பின்னூட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரதியெடுத்திருக்கிறான். பாதிகூட முடியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் பழைய தளத்தை மூடிவிட்டார்கள். குமாரின் கேள்வியும் அதற்கு அவன் எழுதிய பதிலும் போய்விட்டன. அவன் இறந்த செய்தியைப் புதிய தளத்தில் போட்டேன். ஒருவர்கூட வந்து பார்த்ததாகக் கணக்குக் காட்டவில்லை. பழைய முகவரியில் வந்து பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிப் போயிருப்பார்கள். அவன் இல்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு முகவரியும் இல்லை. அவனை அறிந்தவர்களுக்கு என்று எழுத ஆரம்பித்தேனே, அவர்களில் யார் இங்கே இருக்கிறார்கள்? நினைத்தால் பைத்தியம் பிடிக்கிறது.

தேடிப் போய்ச் சொல்ல முடிந்தது குமாரிடம் மட்டும். ஆயில் கையைத் துடைத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். பிறகு, “சார்கிட்ட இன்னொண்ணு கேட்டுப் போட்டு வெச்சிருந்தனே, பாத்துருப்பாரா?” என்றார். பார்த்திருப்பார் என்று பொய் சொன்னேன்.

ஒருவேளை அந்தக் கேள்வி புதிய தளத்துக்காவது வந்திருக்குமோ என்ற நப்பாசையில், வெளியிடக் காத்திருக்கும் பின்னூட்டங்களின் பக்கத்தைத் திறந்தேன். அது அவன் வேலை என்று அதுவரை நான் திறந்ததே இல்லை. ஒன்றே ஒன்று இருந்தது. குமாருடையது அல்ல. சண்டை போட்ட மறுநாள் தணிகாசலம் எழுதியது.

“மச்சான், வந்துட்டேன். கட்டுர நல்லாருக்கு. மூணாவது பத்தி மட்டும் யாருக்காக எழுதுனன்னு சொல்லு. பதில் போடு, மத்தவங்களயும் ஒவ்வொருத்தரா கூட்டியாறேன்.”

வரமாட்டேன் என்றவன் மறுநாளே வந்துவிட்டான். நான் கதவைத் திறக்கவில்லை. சாகும்வரை என் பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறான்.

அவன் பிரதியெடுத்து வைத்தவற்றை இப்போது நானே ஏற்றுகிறேன். குமாரை மறுபடி கேட்கச் சொல்லியிருக்கிறேன். அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பிடிவாதம் ஒன்றுதான்: பதில் சொல்லாமல் எதையும் வெளியிடுவதில்லை. அதனால் அவனுடைய பின்னூட்டம் மட்டும் இன்னும் வெளியாகவில்லை. தினமும் பதில் எழுத உட்காருகிறேன். ‘மச்சான்’ என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.